மாதா முகத்தில் பென்சில்

பாரத மாதா வேஷம் போட ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க, கள்ளக்குறிச்சியில் பதினோரு பெரிய மனிதர்கள் எட்டு நாள் சண்டை போட்டார்கள். சண்டை நடந்தது என் ஸ்டுடியோவின் மாடியில். டீ வாங்கிக் கொடுக்கும் சாக்கில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று குடித்த டீ இன்றைக்கு நினைத்தாலும் தொண்டையில் கசக்கிறது.

என் பெயர் சின்னராசு. போட்டோக்காரன். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், போலீசும் கூப்பிடும். எண்பத்தேழு செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்ததே, அப்போதும் கூப்பிட்டார்கள். ரோட்டோரத்து மரங்களை வெட்டிக் குறுக்கே தள்ளியிருந்தார்கள். கேட்டதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கேட்டவர்களில் சிலர் குண்டடிபட்டுச் செத்தும் போனார்கள். ஆனால் அந்தக் களேபரத்தில் யாரிடமும் எதையும் கேட்காத கூலிக்காரர்களின் குடிசைகளும் எரிந்தன. சாம்பலுக்கு நடுவே உருகிக் கிடந்த ஒரு பிளாஸ்டிக் குடத்தை நாலு கோணத்தில் படம் எடுக்கச் சொன்னார் ஒரு இன்ஸ்பெக்டர். எடுத்தேன்.

அதற்கப்புறம் ஒருவன் கடையில் இன்னொருவன் டீ குடிப்பதில்லை என்றாகிவிட்டது. மேலிடத்திலிருந்து வாய்மொழி உத்தரவு வந்து, அமைதிக் குழு என்று ஒன்று போட்டார்கள். சாதிக்கு ஒருவராகப் பதினோரு பேர். தலைவர் வெங்கடேசன். நைனார்பாளையத்தில் நிலம், டவுனில் ரைஸ் மில். குடியரசு தினத்துக்கு டிராக்டரில் பாரத மாதா ஊர்வலம் விட்டால் ஊர் ஒன்றாகிவிடும் என்று கண்டுபிடித்தவர் அவர்தான்.

சிக்கல் காலில் வந்தது. எங்கள் பக்கம் சாமி ஊர்வலம் போலத்தான் இதுவும். ஒவ்வொரு தெருமுனையிலும் வண்டி நிற்கும். பெண்கள் வந்து மாதாவின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பொட்டு வைத்து, ஆரத்தி எடுத்துக் கும்பிட்டுப் போவார்கள். அப்படியென்றால் யார் வீட்டுப் பெண்ணின் காலில் யார் வீட்டுப் பெண்கள் தண்ணீர் ஊற்றுவது?

"அவுங்க பொண்ணு கால எங்க பொம்பளைங்க தொடணுமா? வூட்டுக்குப் போனா எங்கள செருப்பால அடிப்பாளுங்க" என்றார் ஒருவர்.

"எங்க பொண்ண டிராக்டர்ல ஏத்தி ஊர் பாக்க நிக்க வெக்க நாங்க இன்னா கூத்தாடிங்களா?" என்றார் இன்னொருவர். ஐந்து நிமிஷத்துக்கு முன்னால்தான் தன் தம்பி மகளைச் சிபாரிசு செய்திருந்தார்.

எட்டாம் நாள் வெங்கடேசனுக்கு ஞானம் பிறந்தது. "ஆஸ்டல்ல மலைக்காரப் பொண்ணு ஒண்ணு கீது. பிளஸ் டூ படிக்குது. நல்ல ஒசரம். அதுக்கு இங்க அண்ணந்தம்பியும் கெடையாது, பகையாளியும் கெடையாது. அத நிக்க வெச்சா யாருக்கும் கொறச்சல் இல்ல."

பதினோரு பேரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். செப்டம்பருக்கு அப்புறம் அவர்கள் ஒரு விஷயத்தில் ஒத்துப்போய் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நாட்டுக்கே அம்மாவாக நிற்கிறவள் யாருடைய மகளாகவும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுடைய கணக்கு. மினிட் நோட்டில் "மலைவாழ் இனத்தைச் சேர்ந்த செல்வி மலர்விழி" என்று எழுதிப் பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

மலர்விழிக்கு மலையில் கரியாலூருக்கு மேலே ஒரு சின்ன ஊர். அப்பன் சடையன் சாமை விதைக்கிறவர், கடுக்காய் பொறுக்குகிறவர். ஊர்வலத்தன்று காலையில் அவள் என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். என் மனைவி ரங்கம்மாள் பட்டுச் சேலை கட்டிவிட்டு, முகத்தில் பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். மலர்விழியின் கையில் இரண்டு தாள் இருந்தது. மேடையில் பேசுவதற்காக அவளே புத்தகம் தேடிப் படித்து எழுதியது. பாரத மாதா என்ற பெயர் எப்படி வந்தது, அதற்கு அர்த்தம் என்ன என்று.

வெங்கடேசன் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "மாதா பேச மாட்டாம்மா. நின்னா போதும்" என்று சொல்லிவிட்டு மாலை வந்துவிட்டதா என்று பார்க்கப் போய்விட்டார்.

பெண்ணின் முகம் விழுந்துவிட்டது. பாவமாக இருந்ததால், "எங்கிட்ட சொல்லும்மா, நான் கேக்கறேன்" என்றேன்.

"நாட்ட அம்மான்னு சொல்றது ரொம்ப முன்னாடியே பாட்டுல நாடகத்துலலாம் இருந்துச்சாம்ணா. வங்காளத்த வெள்ளைக்காரன் ரெண்டா பிரிச்சானே, அப்பதான் ஒருத்தரு படமா வரைஞ்சாரு. காவிச் சேல. நாலு கை. ஒரு கையில நெல்லுக் கதிரு, ஒண்ணுல வெள்ளத் துணி, ஒண்ணுல ஏடு, ஒண்ணுல ஜெபமாலை. மொதல்ல வங்காளத் தாயின்னுதான் சொன்னாங்களாம். அப்புறம்தான் பாரத மாதான்னு ஆச்சு."

"சிங்கம்?"

"அதுல இல்லண்ணா. கிரீடமும் இல்ல, நகையும் இல்ல. அதெல்லாம் பின்னால காலண்டர்காரங்க சேத்தது. சோறு, துணி, படிப்பு, பக்தி. இந்த நாலயும் பிள்ளைங்களுக்குக் குடுக்கறவ, அதான் அர்த்தம்."

நான் இருபது வருஷமாகச் சுவரில் அந்தக் காலண்டரை மாட்டி வைத்திருக்கிறேன். அந்த அம்மாளின் கையில் ஒரு காலத்தில் நெல் இருந்தது என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

கிரீடம் வைப்பதற்கு முன் அவளை உட்காரவைத்து ஒரு படம் எடுத்தேன், வைத்த பிறகு ஒன்று. உடனே கழுவி, இரண்டு நெகடிவையும் கண்ணாடி மேசையில் வைத்துப் பென்சிலைச் சீவினேன். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நெகடிவில் முகத்தின் மேல் பென்சிலால் மெல்லத் தேய்த்தால், பிரிண்டில் அந்த இடம் வெளுப்பாக விழும். தேய்க்கத் தேய்க்க ஆள் சிவப்பு. பெண் பார்க்க அனுப்பும் படம் எல்லாவற்றுக்கும் இதைத்தான் செய்வேன். ராசு ஸ்டுடியோவிலிருந்து கறுப்பாக யாரும் வெளியே போனதில்லை என்பது என் பெருமை. அந்தப் பெருமையை இப்போது எழுதும்போதே எனக்கு வாந்தி வருகிறது.

மலர்விழி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிண்ட் வந்ததும் கையில் வாங்கிக் கிட்டே வைத்துப் பார்த்தாள்.

"இது யாருண்ணா?"

"நீதாம்மா. மாதான்னா ஒரு களை வேணாமா?"

ஊர்வலம் கிளம்பியது. திரௌபதி அம்மன் கோயில் சிங்க வாகனத்தைக் கடன் வாங்கி டிராக்டரில் ஏற்றி, அதன் பக்கத்தில் அவளை நிறுத்தினார்கள். வலது கை உயர்ந்திருக்க வேண்டும், கையில் கொடி. மூன்றரை மணி நேரம். தெருவுக்குத் தெரு மஞ்சள் தண்ணீர் ஊற்றி ஊற்றி அவள் கால் ஊறி வெளுத்துவிட்டது. கருணாபுரம் காலனி முனையில் மட்டும் வண்டி நிற்கவில்லை. அங்கே கூலி வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர் ஆரத்தித் தட்டோடு காத்திருந்தார்கள். ஒரு அம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தாள். "ஓட்டு, ஓட்டு" என்றார் வெங்கடேசன். சூடம் காற்றில் அணைந்துவிட்டது. அமைதி ஊர்வலம் அமைதியாகப் போனது.

கடைசியில் மேடை. சிறப்பு விருந்தினர் ஓர் அதிகாரி. சாதிச் சான்றிதழில் கையெழுத்துப் போடுகிற அதிகாரம் உள்ளவர். எந்த ஆபீஸ், என்ன பெயர் என்று நான் எழுதப்போவதில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மலர்விழியின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கூட்டம் கை தட்டியது. நான் படம் எடுத்தேன்.

அது ஜனவரி. ஜூனில் ரிசல்ட் வந்தது. மலர்விழி நல்ல மார்க். நர்சு டிரெய்னிங்குக்கு மனுப் போட வேண்டும். அதற்குப் பழங்குடிச் சான்றிதழ் வேண்டும். ஜூலை பதினைந்து கடைசி நாள். அது கிடைத்தால் அவள் நர்சு. கிடைக்காவிட்டால் பொதுப் பட்டியலில் டவுன் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும், அந்த மார்க்குக்கு அங்கே இடமில்லை. அப்புறம் சாமைக் காடுதான்.

சடையன் மட்டும் மனுவோடு மலையிலிருந்து இறங்கி வந்தார். "பாப்பா போட்டோ மூணு ஒட்டணுமாமே தம்பி. அவ மலை மேல கீறா. சாயங்காலத்துக்குள்ள குடுத்தாவணும்னு சொல்றாங்க" என்றார்.

நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நான் ஒரு காரியம் செய்தேன். ஜனவரியில் கிரீடம் வைக்கும் முன் எடுத்த நெகடிவ் இருந்தது. பென்சில் போட்ட அதே நெகடிவ். அதிலிருந்து முகத்தை மட்டும் பாஸ்போர்ட் சைசில் மூன்று பிரிண்ட் போட்டு மனுவில் ஒட்டிக் கொடுத்தேன். அதிகாரி காலைத் தொட்டுக் கும்பிட்ட முகம்தானே, பார்த்ததும் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றுகூட நினைத்தேன். என்ன முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்து சடையன் மறுபடி வந்தார், மகளையும் கூட்டிக்கொண்டு. மனுவைத் தள்ளிவிட்டதாக ஆபீசிலிருந்து காகிதம் வந்திருந்தது. இரண்டு காரணம். ஒன்று, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முந்தைய ரெக்கார்டு எதுவும் இல்லை. இரண்டாவதை மலர்விழியே படித்துக் காட்டினாள். "புகைப்படத்தில் காணும் தோற்றம் மலைவாழ் மக்களின் தோற்றத்துடன் ஒத்துவரவில்லை."

அந்த வரியை எழுதியது அதிகாரி. எழுதவைத்தது என் பென்சில்.

உடனே அவளை உட்காரவைத்து வேறு படம் எடுத்தேன். பவுடர் இல்லை, பென்சில் இல்லை. இழுத்து முடித்த தலை, மலை வெயிலில் காய்ந்த முகம், அவள் எப்படி இருந்தாளோ அப்படி. இருபது வருஷத்தில் நான் எடுத்த யோக்கியமான படம் அது ஒன்றுதான்.

அமைதிக் குழுவின் மினிட் நோட்டு ஞாபகம் வந்தது. பதினோரு பேர் கையெழுத்துப் போட்டு இவள் மலைவாழ் இனம் என்று சொன்ன நோட்டு. வெங்கடேசன் மில்லுக்குப் போய், அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு நகல் கேட்டேன்.

"ராசு, நீ நல்லவன், ஆனா வெவரம் பத்தாது" என்றார் அவர். "சாதி சர்டிபிகேட்டு சமாச்சாரத்துல கைய வுட்டுதான் ஊரே எரிஞ்சிது. இப்ப குழுவே ஒருத்திக்கு சர்டிபிகேட்டுக்கு சிபாரிசு பண்ணுச்சுன்னா, மத்த பத்து பேரும் எங்களுக்கு இன்னான்னு கேப்பானுங்க."

"சிபாரிசு இல்லிங்க. நீங்க எழுதனது தானே."

"எழுதனது ஊர்வலத்துக்கு." வாயிலிருந்த பாக்கைத் துப்பிவிட்டுச் சொன்னார். "வேணும்னா ஒண்ணு பண்ணு. வர்ற ஆகஸ்டு பதினஞ்சுக்கும் அந்தப் பொண்ணயே நிக்க சொல்லு. அதிகாரிதான் வராரு. மனசு எளகுனாலும் எளகும்."

கடைசி நாள் ஜூலை பதினைந்து. இந்த மனிதர் ஆகஸ்டு பதினைந்தைக் காட்டுகிறார். அவர் முகத்தில் துப்பியிருக்க வேண்டும். நான் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை பதினான்காம் தேதி மூன்று பேரும் ஆபீசுக்குப் போனோம். புதுப் படம் மனுவில் ஒட்டியிருந்தது. பழைய நெகடிவை ஒரு கவரில் போட்டு என் சட்டைப் பையில் வைத்திருந்தேன். தேவைப்பட்டால் வெளிச்சத்தில் காட்டி, இதோ பென்சில் தேய்த்த இடம் என்று சொல்லிவிடலாம் என்று.

அதிகாரி முதலில் சடையனைப் பிடித்தார். "அம்பதுக்கு முன்னால நீ மலையிலதான் இருந்தேன்னு இன்னாய்யா ஆதாரம்?"

"அப்ப மலை ஜாகிர்தாருங்க கையில இருந்துச்சுங்க. காட்ட உழுவறதுக்கே அவுங்கள கேக்கணும். அரசாங்கம் மேல வந்ததே எழுவத்தாறுலதாங்க. அதுக்கு முன்னால எங்கள எழுதி வெக்க யாருமே வரலிங்க."

"எல்லாரும் இப்பிடித்தான் கத சொல்றான். போன வருசம் கெளர்ச்சி நடந்ததுல இருந்து போலி சர்டிபிகேட்டு ஜாஸ்தியாப் போச்சு." மனுவைத் திருப்பினார். பழைய மனுவை ஃபைலிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். எதிரே நிற்கும் பெண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"இது ஒரு பொண்ணு, இது ஒரு பொண்ணு. ஆள்மாறாட்டமா?"

"ரெண்டும் நாந்தாங்க அய்யா" என்றாள் மலர்விழி. "சனவரி இருவத்தாறுக்கு பாரத மாதாவா நின்னன். நீங்க வந்திருந்தீங்க."

"அது நீயா?" அவர் நாற்காலியில் சாய்ந்தார். கிளார்க்குகள் தலையைத் தூக்கினார்கள். "எங்க, அன்னிக்கு நின்ன மாதிரி நில்லு. பாக்கலாம்."

யாரோ சிரித்தார்கள். மலர்விழி அப்பனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். மேசை மேலிருந்த அடிக்கோலை எடுத்து அதிகாரியே அவள் கையில் கொடுத்தார், கொடிக்குப் பதிலாக. அவள் வலது கையை உயர்த்தினாள். நிமிர்ந்து நின்றாள். மின்விசிறிக் காற்றில் ஃபைல்கள் படபடத்துக்கொண்டிருந்தன. டீ கொண்டு வந்தவன்கூட நின்று பார்த்தான். சடையன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டார்.

அதிகாரி பழைய படத்தைக் கையில் எடுத்து, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்து, சரிபார்த்தார். ஜனவரியில் கண்ணில் ஒற்றிக்கொண்ட கால் அவருக்கு எதிரே செருப்பில்லாமல் நின்றது.

"ஆமா, அதே பொண்ணுதான். ஆள்மாறாட்டம் இல்ல" என்றார். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் வெளிச்சம் வந்தது. அவர் பேனாவைத் திறந்தார். "அப்ப மொத எழுதனதுதான் சரி. இந்த மொகம் மலைக்காரங்க மொகமே இல்ல."

பழைய மனுவின் மேல் ஒரு கையெழுத்து, புது மனுவின் மேல் ஒரு கோடு. வேலை முடிந்தது.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பையில் நெகடிவ் இருக்கிறது. "அய்யா, அந்த வெளுப்பு நான் தேய்த்தது" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் குருடனுக்கும் தெரியும். வாயைத் திறக்கப் போனேன். அப்போது அதிகாரி என்னைப் பார்த்து, "நீதான் போட்டோகிராபரா? ரெண்டு போட்டோவும் நீ எடுத்ததா?" என்று கேட்டார். அரசாங்க மனுவில் திருத்திய படத்தை ஒட்டிக் கொடுத்தவன் நான். கேஸ் போட்டால் போட்டதுதான். போலீஸ் வேலை போகும், ஆபீஸ் வேலை போகும், ஸ்டுடியோவை மூட வேண்டியதுதான். இதெல்லாம் ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது.

"ஆமாங்க. எடுத்தது நாந்தாங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

வெங்கடேசனையும் அந்தப் பதினோரு பேரையும் அதிகாரியையும் இவ்வளவு நேரம் காறித் துப்பினேனே, அவர்கள் எல்லோரையும்விட எனக்கு அருவருப்பாக இருப்பவன் அங்கே பையைத் தடவிக்கொண்டு நின்றவன்தான். அவர்களுக்காவது அவள் யாரோ. எனக்கு அந்த முகத்தின் ஒவ்வொரு கோடும் தெரியும். நான்தான் அழித்தேன்.

பஸ் ஸ்டாண்டில் வெள்ளிமலை வண்டிக்காக நின்றோம். சடையன் பீடி வாங்கப் போனார். மலர்விழி வலது தோளை அமுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள். நானாகவே, "மலரு, அந்த பென்சில் விசயம்..." என்று ஆரம்பித்தேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கினே இருந்தன்ணா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

"பயந்துட்டேம்மா."

அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. இருந்தும் நான் கைய தூக்குனன் இல்ல?"